சாரின் கை பட வேண்டும்

கோயம்புத்தூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி. அங்கே ஒப்பந்த வேலையில் இருந்த சுகந்தி, ஆம்னி பஸ் முதலாளி ஒருவருக்கு டிக்கெட் பதிவு செய்யும் வெப்சைட் செய்திருந்தாள். அதைச் சோதித்து கிளவுடில் ஏற்றி இணையத்தில் வெளியிடுகிற வேலை முழுக்கத் தானாகவே நடக்கும்படியும் அமைத்துவிட்டாள்.

மேனேஜர் சேஷகிரிக்கு அது பொறுக்கவில்லை. "என் கை படாம இங்கே எதுவும் வெளியே போகக் கூடாதும்மா. ஆனா பத்து நிமிஷத்துல போயாகணும்."

"சரிங்க சார்" என்று, கடைசிப் படிக்கு முன்னால் அவருடைய அனுமதியையும் ஒரு படியாகச் சேர்த்தாள். அனுமதி கேட்டு அவருக்கு மெயிலும் தானாகப் போகும்.

மூன்றாம் நாள் பஸ் முதலாளி நேரிலேயே வந்துவிட்டார். "என்னங்க, வெப்சைட்டைக் காணோமே?"

"இந்தப் பொண்ணு ரொம்ப மந்தம். இன்னைக்கே ஆளை மாத்திடறேன்" என்றார் சேஷகிரி.

சுகந்தி கம்ப்யூட்டர் திரையை முதலாளி பக்கம் திருப்பினாள். ஒவ்வொரு படிக்கும் ஆன நேரம் அதில் தானாகவே பதிவாகியிருந்தது. தயாரிப்பு, இரண்டு நிமிடம். சோதனை, ஐந்து நிமிடம். மேனேஜர் அனுமதி, மூன்று நாள், இன்னும் வரவில்லை.

"அந்த அனுமதியை அமுக்கி விடுங்க சார்" என்றார் முதலாளி.

சேஷகிரி மவுஸைப் பிடித்துத் திரை முழுக்கத் தேடினார். எதை அமுக்குவதென்று அவருக்குத் தெரியவில்லை.

சுகந்தி குனிந்து, தணிந்த குரலில் சொன்னாள்: "அந்தப் பச்சைப் பட்டன்தான் சார். மூணு நாளா உங்க கை படத்தான் காத்துட்டிருக்கு."