மாப்பிள்ளைக்கு வந்த வலி

தவிட்டுப்பட்டிக்காரர்களை முட்டாள்கள் என்று ஊர் உலகம் சொன்னால் சொல்லட்டும். சொன்ன பேச்சைத் தட்டாதவர்கள் என்றுதான் நான் சொல்வேன். அந்த ஊர் உலகப்பனையே எடுத்துக்கொள்ளுங்களேன்.

அவன் மனைவி செவந்திக்கு ஏழு மாதம். தலைப்பிரசவம், ஒரே பயம். "பக்கத்துலயே இருப்பீங்கள்ல?" என்று தினமும் கேட்பாள். இருப்பேன் என்று சத்தியமே பண்ணியிருந்தான். இருந்து என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. நர்ஸம்மாவிடமே கேட்டுவிடலாம் என்று செவந்தியோடு கிளம்பினான். துணைக்கு அவள் அண்ணன்கள் பெரியகருப்பன், நடுக்கருப்பன், சின்னக்கருப்பன் மூவரும் வந்தார்கள்.

"இப்போதைக்கு முதுகை மெதுவா நீவி விடுங்க, பூவைத் தொடற மாதிரி," என்றார் நர்ஸம்மா, அண்ணன்களைப் பார்த்து. "பிரசவ வலியில கத்தினா, பின்னிடுப்பை உள்ளங்கையால நல்லா அழுத்தணும். குழந்தை பிறக்கிற வரைக்கும் நிறுத்தக் கூடாது. உலகப்பா, நீங்க கையைப் பிடிச்சுக்கோங்க, விட்டுடாதீங்க."

உலகப்பன் அங்கேயே பிடித்துவிட்டான். இரண்டு மாதம் விடவில்லை. சோற்றை இடது கையால் தின்றான். சட்டையைக் கழற்ற வழியில்லாமல் ஒரே சட்டையோடு திரிந்தான். செவந்திக்குக் குமட்டல் நிற்காததற்கு அதுதான் காரணம்.

அண்ணன்களுக்கு வேறு சிக்கல்.

"நாம பூவைத் தொட்டிருக்கோமா?" என்றான் பெரியகருப்பன்.

"பறிச்சிருக்கோம். தொட்டதில்ல," என்றான் நடுக்கருப்பன், வெகுநேரம் யோசித்து.

பக்கத்துத் தோட்டத்துப் பூசணிக் கொடியில் ஒரு வாரம் தொட்டுத் தொட்டுப் பழகினார்கள். அந்த வருஷம் அந்தத் தோட்டத்தில் ஒரு பூசணிக்காய்கூடக் காய்க்கவில்லை.

ஒரு நாள் காலையில் வலி கண்டது. ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டு, ஆண்களை வெளியே நிற்கச் சொன்னார். உலகப்பன் உடம்பு வெளியே நின்றது, கை உள்ளே இருந்தது. மூன்று கருப்பன்களும் உள்ளங்கையில் எண்ணெய் தடவிக்கொண்டு தயாரானார்கள்.

செவந்தி பல்லைக் கடித்துக்கொண்டு புருஷன் கையை ஒரு நெரி நெரித்தாள்.

"ஐயோ அம்மா!" என்று அலறினான் உலகப்பன்.

அண்ணன்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"உள்ள சத்தமே இல்லையே," என்றான் சின்னக்கருப்பன்.

"மாப்ளதான் கத்துறாரு," என்றான் நடுக்கருப்பன்.

"கத்தினா அழுத்தணும்னுதானே சொன்னாங்க? தங்கச்சி கத்தினான்னு சொன்னாங்களா?" என்றான் பெரியகருப்பன்.

சொல்லவில்லைதான். மூவரும் மாப்பிள்ளை இடுப்பில் கை வைத்து அழுத்தினார்கள். அவன் இன்னும் கத்தினான். அவர்கள் இன்னும் அழுத்தினார்கள்.

"எனக்கு ஒண்ணுமில்ல, விடுங்க மச்சான்!"

"முதல் பிரசவம்னா அப்படித்தான் தோணும் மாப்ள. மூச்சை நல்லா இழுத்து விடுங்க."

கையை உருவிக்கொண்டு ஓடியிருக்கலாம். ஆனால் திரைக்குள்ளிருந்து, "விட்டுடாதீங்க" என்று செவந்தி அழுதாள். அதைக் கேட்டு உலகப்பனுக்கும் அழுகை வந்துவிட்டது. விடவில்லை.

மத்தியானம் குவா குவா சத்தம் கேட்டது. பெண் குழந்தை. நர்ஸம்மா திரையை விலக்கினார்.

"கடைசி வரைக்கும் இருந்தீங்களே," என்று செவந்தி சிரித்தாள். கால் மடங்கித் தரையில் குப்புறக் கிடந்த உலகப்பனும், அவள் கையை விடாமலே சிரித்தான்.

"என்னய்யா பண்றீங்க? அதான் குழந்தை பிறந்தாச்சே, நிறுத்துங்க!" என்று அதட்டினார் நர்ஸம்மா.

"அது தங்கச்சிக்கு," என்றான் பெரியகருப்பன், கையை எடுக்காமல். "மாப்ளைக்கு இன்னும் ஆகலையே."

"யோவ், அவர் ஆம்பளைய்யா!"

"அதான் நேரம் எடுக்குது," என்றான் நடுக்கருப்பன்.

உலகப்பனுக்கு இதில் துளிகூட நம்பிக்கை இல்லை. இருந்தாலும் எதற்கும் இருக்கட்டும் என்று, பையனுக்கும் ஒரு பெயர் யோசித்து வைத்தான்.