பேர் வைக்காத நாள்

செங்கல் சூளையில் வேலை பார்த்த வேம்புக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்தது. பிறப்புச் சான்றிதழ் வாங்கப் பேரூராட்சி அலுவலகத்துக்குப் போனாள்.

கணினியில் அவள் பெயரைத் தட்டிப் பார்த்த அதிகாரி, வரிசைக்கே கேட்கும்படி சொன்னார்: "வேம்புன்னு இந்த ஊர்ல யாரும் பிறக்கவே இல்லம்மா!"

எல்லாரும் சிரித்தார்கள். வேம்பு யோசித்தாள்.

"ஒரு சந்தேகம் சார். நீங்க பிறந்த அன்னைக்கே உங்களுக்குப் பேர் வச்சிட்டாங்களா?"

"அதெப்படி? மூணு மாசம் கழிச்சுத்தான்."

"எனக்கும் அப்படித்தான் சார். அன்னைக்கு எங்கம்மாவுக்கு மட்டும்தான் பேர் இருந்துச்சு, அஞ்சலைன்னு. அதைப் போட்டுத் தேடிப் பாருங்களேன்."

வேண்டாவெறுப்பாகத் தட்டினார். "தாய் அஞ்சலை, பெண் குழந்தை" என்று திரையில் வந்தது. தேதியும் பொருந்தியது.

"பேரைச் சேர்க்க மனு எழுதிக் கொடு" என்றார், குரல் இறங்கி.

அவள் எழுதி முடிப்பதற்குள், பேர் இல்லை என்று அவர் திருப்பி அனுப்பி, வாசலில் நின்றிருந்தவர்கள் எல்லாரும் ஜன்னலை மொய்த்துக்கொண்டு தங்கள் அம்மா பேரைச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.