உலகம்மாளுக்குப் பிடித்தது

மலையடிவாரத்து ஆசிரமத்தில் அன்று அடுப்படியை ஆவுடையப்பன் கேட்டு வாங்கியிருந்தார். அவர் மனைவி உலகம்மாளுக்கு முதல் வருடத் திதி. இறந்தவருக்குப் பிடித்ததைச் சமைத்து, இலை போட்டுப் படைப்பது அவர்கள் பக்கத்து வழக்கம். பிள்ளைகள் இல்லை. அவர் செய்யாவிட்டால் செய்ய ஆளில்லை.

சோறு, தேங்காய்ப்பால் சொதி, சேப்பங்கிழங்கு வறுவல், இஞ்சிப் பச்சடி, பாயசம். சமையல் அவருக்கு இங்கே வந்த பிறகு படிந்தது. விரலைச் சுட்டுக்கொண்டாலும் ஒன்றையும் விடவில்லை. உலகம்மாளின் படத்துக்கு முன்னால் இலையை விரித்துப் பரிமாறினார்.

ஆசிரமத்தை நடத்தும் சாமி வந்து பார்த்தார். வயதில் சாமி இளையவர். ஆவுடையப்பன் எழுந்து நின்றார்.

"பலமா இருக்கே அய்யா. மறுவீட்டு விருந்து தோத்துச்சு."

"அவளுக்கு ஒரு குறையும் இருக்கக் கூடாது சாமி. படையல் முடிஞ்சதும் உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

"இப்பவே கேளுங்க."

"இங்க வந்து வருசம் ஓடப்போகுது. ரெண்டு வேட்டி, ஒரு வேளைச் சாப்பாடு, தரையில படுக்கை. நீங்க சொன்னபடி ஒவ்வொரு வாயையும் கவனிச்சுத்தான் சாப்பிடுதேன். ஒரு கல் உப்பு கூடினாலும் நாக்கு சொல்லிருது. ஆனா, வாழ்ந்த வாழ்க்கைக்கு என்ன அர்த்தம்னு மட்டும் பிடிபடல. எதையோ கவனிக்காம விட்டுட்டேன். எதைன்னு தெரியல."

சாமி இலையைக் காட்டினார்.

"இதுல அம்மாவுக்கு ரொம்பப் பிடிச்சது எது?"

"சொதிதான். ஞாயித்துக்கிழமை தவறாம வைப்பா."

"விரும்பிச் சாப்பிடுவாங்களோ?"

"ஆமா..." என்றவர் நிறுத்தினார்.

உலகம்மாள் தேங்காய் துருவுவது நினைவில் வந்தது. கரண்டியோடு குனிந்து, 'இன்னும் கொஞ்சம் ஊத்தட்டா?' என்று கேட்பது வந்தது. சாப்பிட உட்கார்ந்த உலகம்மாள் மட்டும் வரவில்லை.

"வறுவல்?"

"அது எனக்கு..."

"பாயசம்?"

ஆவுடையப்பன் இலையைக் குனிந்து பார்த்தார்.

"அப்ப இது யாரோட இலை அய்யா?"

"நான் எந்திரிச்ச பிறகுதான் சாமி அவ உட்காருவா. எங்க வீட்டுல அப்படித்தான். நான் கை கழுவிட்டு பேப்பர் பாக்கப் போயிருவேன்."

"தெரிஞ்சவங்க யாராவது இருந்தா கேளுங்க."

உலகம்மாளின் தங்கை கோமு கடையநல்லூரில் இருந்தாள். அவளுக்குப் போன் செய்தார்.

"அத்தான், படையல் போட்டாச்சா?"

"போட்டுக்கிட்டு இருக்கேன். கோமு, உங்க அக்காவுக்கு என்ன பிடிக்கும்?"

மறுமுனையில் சிரிப்பது போல ஒரு சத்தம் வந்தது. அது சிரிப்பில்லை என்று அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"நல்ல நாள் பாத்துத்தான் கேக்கீங்க அத்தான்."

"சொல்லும்மா. செஞ்சு வைக்கேன்."

"அவளுக்கு இன்ன பண்டம்னு கிடையாது. சூடா இருக்கணும். வெறுஞ்சோறுன்னாலும் ஆவி பறக்கணும். சின்னப் பிள்ளையில, உலை வடிக்கும் முன்னாலயே தட்டோட வந்து நிப்பா. நாக்கைச் சுட்டுக்கிட்டு எங்கம்மாகிட்ட ஏச்சு வாங்குவா. கல்யாணம் ஆன பிறகு..." கோமு மூக்கை உறிஞ்சினாள். "விடுங்க அத்தான். என்ன இருக்கோ அதை வைங்க. வாங்கிக்கிடுவா. உங்க வீட்டுல அவ அப்படித்தான இருந்தா."

போனை வைத்துவிட்டு இலையில் இருந்த சோற்றைத் தொட்டுப் பார்த்தார். ஆறிப் போயிருந்தது. சொதியின் மேல் ஆடை படிந்திருந்தது.

"வேற சோறு வடிக்கட்டுமா சாமி?"

"வடிங்க."

பானை நிறைய வடித்தார். கொதிக்கக் கொதிக்க ஒரு கரண்டி எடுத்து இலையில் வைத்தார். ஆவி படத்தின் கண்ணாடியில் படிந்து உலகம்மாளின் முகத்தை மறைத்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெலிந்து நின்றது. யாரும் தொடாமலே அந்தச் சோறும் ஆறியது.

"இதுக்கு என்ன பரிகாரம் சாமி?"

"கிடையாது."

ஆவுடையப்பன் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். அவர் அழுது ஓயும்வரை சாமி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். தேற்றவில்லை.

பிறகு சொன்னார். "வெளிய எல்லாரும் பந்தியில உட்கார்ந்தாச்சு. பானையில சோறு இன்னும் சூடாத்தான் இருக்கு. பரிமாறுங்க. அவங்க எந்திரிச்ச பிறகு, மிச்சம் இருந்தா நீங்க சாப்பிடுங்க. நாளைக்கும் அப்படியே."

ஆவுடையப்பன் பானையைத் தூக்கினார். வாசல்வரை போனவர் திரும்பினார்.

"எத்தனை நாளைக்கு சாமி?"

"அந்த அம்மா அப்படி யார்கிட்டயாவது கேட்டாங்களா?"