கன்னத்தில் அதக்கிய நாவல் பழம்

சிறுத்தை புல்லுக்குள் பதுங்கிவிட்டது. அதற்கு நேர் எதிரே மான்குட்டி பொட்டு, தரையில் கிடந்த நாவல் பழத்தைக் காலால் உருட்டி விளையாடிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு பாய்ச்சல் தூரம்தான்.

மரத்து உச்சியில் காவல் இருந்த குரங்கு தாண்டவன் இதைப் பார்த்துவிட்டான். பார்த்ததும் கத்தினான்.

"ம்ம்ப்!"

அவ்வளவுதான் வந்தது. மறுபடியும் கத்தினான்.

"ம்ம்... ம்ப்!"

எப்படி வரும்? இரண்டு கன்னத்திலும் நாவல் பழம். மிச்சம் நாக்கு மேலே. காற்று போகக்கூட வழியில்லை.

தப்பு யார் மேல்? தாண்டவன் மேல்தான். இதில் சுற்றி வளைக்க ஒன்றுமில்லை.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. நாவல் பழுக்கிற காலத்தில் குளத்தங்கரை மரத்தடியில் எல்லாரும் கூடித் தின்பார்கள். குனிந்து தின்கிறவனுக்கு எதிரி வருவது தெரியாது. அதனால் முறை வைத்து ஒரு குரங்கு உச்சிக் கொம்பில் காவல் இருக்கும். ஏறுவதற்கு முன்னால் எல்லாருக்கும் வாயைத் திறந்து காட்ட வேண்டும். வாய் காலியாக இருந்தால்தான் ஏற விடுவார்கள். இறங்கி வந்ததும் காவல்காரனுக்கென்று ஒரு குவியல் பழம் தனியாக இருக்கும். அதை யாரும் தொடமாட்டார்கள்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் தாண்டவனுக்கு இறங்கும்வரை பொறுக்காது.

அவன் தின்கிற லட்சணம் காட்டுக்கே தெரியும்.

"மொக்குறான் பாரு!" என்பாள் அணில் கீச்சி.

"மொக்குறதா? அள்ளி அமுக்குறான்! லபக் லபக்குன்னு முழுங்குறான்!" என்பான் காட்டுப்பன்றி தொந்தியன். பன்றியே இப்படிச் சொன்னால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பொட்டின் அம்மா செவ்வந்தி சிரிப்பாள். "நாங்க மேயுறோம். கீச்சி கொறிக்கிறா. தொந்தியன் நொறுக்குறான். உனக்கு மட்டும் ஏண்டா ஒரு வார்த்தை பத்த மாட்டேங்குது?"

தாண்டவனுக்குச் சுருக்கென்று கோபம் வரும். "நான் ஒண்ணும் மொக்கல. ருசி பாக்குறேன் அக்கா, ருசி!"

"கிளையே காலியாயிடுச்சு. இதுக்குப் பேரு ருசி பாக்குறதா?"

"கிளைக்குக் கிளை ருசி மாறும்ல?"

அவனிடம் பேசி ஜெயிக்க முடியாது.

அன்று காலையில் அவன் முறை. "ஆ" காட்டினான். வாய் காலிதான். செவ்வந்தி கிட்டே வந்து சொன்னாள்: "இறங்குற வரைக்கும் ஒரு பழம் வாய்க்குள்ள போகக் கூடாது. என் பிள்ளை கீழ நிக்குது, தாண்டவா."

"என்னை நம்பு அக்கா!"

ஏறினான். புல்வெளிப் பக்கமாகச் சாய்ந்திருந்த உச்சிக் கொம்பில் உட்கார்ந்தான். அங்கேதான் வினை. உச்சிக் கொம்புப் பழம் வெயில் பட்டுப் பழுத்தது. கருகருவென்று, தொட்டால் தோல் கிழியும் பதம். கை நீட்டவே வேண்டாம், மூக்கில் வந்து இடித்தது.

தாண்டவன் மனசுக்குள் வக்கீலாகிவிட்டான். தின்னாத்தானே தப்பு? நான் தின்னலையே. ஒண்ணே ஒண்ணை அதக்கி வைக்கிறேன். இறங்கின பிறகு தின்னுக்கலாம்.

குரங்குக்குக் கன்னத்தில் பை வேறு இருக்கிறது. ஒன்று போனது. ஒரு கன்னம் மட்டும் கனத்தால் நன்றாகவா இருக்கும்? அந்தப் பக்கமும் ஒன்று. பிறகு ஒரு கொத்து. இது அதக்குறதுகூட இல்ல, சேமிப்பு என்று நினைத்துக்கொண்டான். பிறகு இன்னொரு கொத்து. பேர் மாறிக்கொண்டே வந்தது. வாய் நிறைந்துகொண்டே வந்தது.

அப்போதுதான் புல் அசைந்தது.

முதலில் விழுங்கப் பார்த்தான். அந்த நேரத்திலும் துப்ப மனசு வரவில்லை! கொட்டை தொண்டையில் மாட்டிக் கண் பிதுங்கியது. கிளையைப் பிடித்து உலுக்கினான். பொலபொலவென்று பழம் கொட்டியது. யாரும் நிமிரவில்லை.

"நமக்காக உலுக்குறான் பாரு! நல்ல பிள்ளை!" என்று தொந்தியன் இன்னும் வேகமாக நொறுக்கினான்.

சிறுத்தை பின்னங்காலை மடக்கியது.

பொட்டு மட்டும் தலையைத் தூக்கி மேலே பார்த்தது. "தாண்டவன் மாமா! இன்னொண்ணு போடு!"

அவ்வளவுதான். தாண்டவன் இரண்டு கையாலும் கன்னத்தைப் பிதுக்கித் துப்பினான். தோலும் கொட்டையும் எச்சிலுமாக எல்லாம் கொட்டியது. கொட்டியதில் பாதி சிறுத்தையின் கண்ணில் விழுந்தது.

"ஓடுங்க! சிறுத்தை! பொட்டு, ஓடு!"

சிறுத்தை பாய்ந்தது. கண்ணில் சாறு. பாய்ச்சல் கோணிவிட்டது. நகத்தில் பொட்டின் வால் மயிர்தான் மாட்டியது. மான்கூட்டம் குளத்தைச் சுற்றிப் பறந்தது.

"த்தூ! குரங்கு எச்சில்!" என்று சிறுத்தை மூஞ்சியைப் புல்லில் தேய்த்துக்கொண்டு மலைப் பக்கம் போய்விட்டது.

நடுக்கம் அடங்கியதும் எல்லாரும் திரும்பி வந்தார்கள். தொந்தியன்தான் முதலில் வாயைத் திறந்தான். "யப்பா, என்னா குறி! பழத்தாலயே அடிச்சு விரட்டிட்டியே மச்சான்!"

"அண்ணே, நீ வீரன்ணே!" என்று கீச்சி குதித்தாள்.

தாண்டவன் "ஆமா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். விஷயம் முடிந்தது. யாருக்கும் எதுவும் தெரியாது.

அவன் பொட்டைப் பார்த்தான். அதன் வால் நுனியில் மயிர் இல்லை. செவ்வந்தி அந்த இடத்தையே நக்கிக்கொண்டிருந்தாள்.

"குறியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல," என்றான் தாண்டவன். "வாய் நிறைய மொக்கிட்டு இருந்தேன். அதான் கத்த முடியல. துப்புனது அது மேல விழுந்துச்சு."

செவ்வந்தி நக்குவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"ருசி பாத்தேன்னு சொல்லலையா?" என்றாள் செவ்வந்தி.

"இல்ல அக்கா. மொக்கினேன்."

"என் பிள்ளை போயிருக்கும்."

"ஆமா."

செவ்வந்தி உச்சிக் கொம்பை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சொன்னாள்: "நாளைக்கும் நீயே ஏறு."

"இவனா? மறுபடியுமா?" என்று தொந்தியன் துள்ளினான்.

"இன்னைக்கு அவன் பொய் சொல்லித் தப்பிச்சிருக்கலாம். சொல்லல. அந்த வாயை நம்பி ஒரு நாள் பாக்குறேன். ஒரே ஒரு நாள்."

மறுநாள் தாண்டவன் "ஆ" காட்டினான். பொட்டு எட்டிப் பார்த்து, கன்னத்தை மூக்கால் குத்தியும் பார்த்தது. "காலி!" என்று கத்தியது.

உச்சி வெயிலில் எல்லாரும் கீழே தின்றுகொண்டிருந்தார்கள். பழம் அவன் மூக்குக்கு நேரே ஆடியது. எச்சில் ஊறி ஊறி வந்தது. தொந்தியன் மரத்தடிக்கு வந்து, யாருக்கும் கேட்காமல் மேலே பார்த்துச் சொன்னான்: "மச்சான், பாவமா இருக்குடா உன்னைப் பாத்தா. ஒண்ணே ஒண்ணு போட்டுக்கோ. தின்ன வேண்டாம். சும்மா அதக்கி வை!"

பெருந்தீனிக்கு எத்தனை நல்ல பேர் வைத்தாலும் அது பெருந்தீனிதான். அதை அதன் பேரைச் சொல்லிக் கூப்பிடத் தெரிந்தவனால்தான் அதை விட்டொழிக்கவும் முடியும். தாண்டவன் அதக்கவில்லை.