காயாத மூக்கு

நாயும் மனிதரும் ஒரே பேச்சுப் பேசிய அந்தக் காலத்தில், மோப்பம் மனிதருக்குத்தான் இருந்தது. நாய்க்குக் கண் கூர்மை. சிவப்பு என்றொரு நிறம் உண்டு என்பதே நாய் சொல்லித்தான் மனிதருக்குத் தெரியும்.

மலையடிவாரத்தில் மாதி என்றொருத்தி கிழங்கு தோண்டிப் பிழைத்தாள். புருஷன் காய்ச்சலில் போய்விட்டான். நடை பழகும் மகன் சடையனும் கருவாயன் என்ற நாயும்தான் அவளுக்கு எல்லாம். எந்தப் பழம் பழுத்தது என்று கருவாயன் பார்த்துச் சொல்லும். கரடி வந்தால் மாதி மோந்து சொல்லுவாள்.

ஒரு நாள் அவள் குழிக்குள் குனிந்திருந்த நேரம் பனிமூட்டம் இறங்கிவிட்டது. நிமிர்ந்தால் பிள்ளையைக் காணோம்.

"சடையா!"

பதில் இல்லை. கருவாயன் கண்ணுக்கும் ஒரே வெள்ளையாகத்தான் இருந்தது. மாதி மண்டியிட்டு மண்ணை மோந்தாள். பிள்ளையின் வாசனை தரையோடு ஓடியது. தவழ்ந்து தவழ்ந்து முழங்கால் கிழிந்ததே தவிர, வேகமாகப் போக முடியவில்லை. எங்கோ சிறுத்தை உறுமியது.

"கருவாயா, உன் மூக்கு தரைக்குப் பக்கத்தில இருக்கு. காலும் நாலு. என் மோப்பத்தை நீ எடுத்துக்கடா."

"அப்புறம் கரடி வந்தா உனக்கு எப்படித் தெரியும்?"

"நீ சொல்ல மாட்டியா?"

நாய் ஒரு கணம் அவளையே பார்த்தது. "சும்மா வாங்க மாட்டேன் மாதி. என் சிவப்பை நீ வச்சுக்கோ."

அதன் முகத்தைப் பிடித்து, தன் மூக்கை அதன் மூக்கோடு அழுத்தினாள் மாதி. அவள் கண்ணீர் வழிந்து நாயின் மூக்கை நனைத்தது. கருவாயன் தலையைத் தாழ்த்திப் பாய்ந்தது.

பாறை இடுக்கில் சடையன் தூங்கிக்கொண்டிருந்தான். அவனை ஒட்டி நின்று கருவாயன் விடாமல் குரைக்க, சிறுத்தை விலகிப் போயிற்று. சத்தம் கேட்டுத் தட்டுத்தடுமாறி வந்து சேர்ந்த மாதி, பிள்ளையைத் தூக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"இவன் உதடு... இதுதான் சிவப்பா? இத்தனை நாள் இதையா நீ பாத்துக்கிட்டிருந்தே?"

"ஆமா. இப்போ எனக்கு எல்லாம் மங்கல்தான்," என்ற கருவாயன் பிள்ளையின் காலை மோந்தது. "ஓடையில இறங்கியிருக்கான். நெல்லிக்காய் தின்னிருக்கான். கொஞ்சம் பயந்தும் போயிருக்கான், பாவம்."

மாதிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

அன்று முதல்தான் நாம் வீடு திரும்பியதும் நாய் ஓடி வந்து, எங்கே போனாய், என்ன பட்டாய் என்று காலை மோந்து விசாரிக்கிறது. அன்று நனைந்த மூக்கு இன்னும் காயவில்லை.