கடைசியே இல்லாத ஓட்டப்பந்தயம்

கொட்டாவிப்பட்டி தொடக்கப் பள்ளியில் மூன்று ஆசிரியர்கள். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு மூளை இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. தலைமையாசிரியர் தணிகாசலம், அவர் எது சொன்னாலும் தலையாட்டும் மார்க்கண்டன், கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையாட்டும் சூடாமணி டீச்சர். அங்கே விளையாட்டு வகுப்பு என்றால் கணக்குப் பாடம் நடக்கும். அதனால் மைதானத்தில் புல் செழிப்பாக வளர்ந்திருந்தது.

சும்மா கிடக்கிற மைதானம்தானே, அதில் சமுதாயக் கூடம் கட்டிவிடலாம் என்று ஊராட்சித் தலைவர் வேலாயுதசாமி கிளம்பினார். மூன்று பேரும் மேலிடத்தில் முறையிட்டார்கள். கல்வி அலுவலர்தான் போனில் வழி சொன்னார்.

“வெள்ளிக்கிழமை வர்றேன். பிள்ளைங்க ஓடுறதை நான் பாக்கணும். கடைசியா வந்துட்டோமேன்னு ஒரு பிள்ளையும் அழக் கூடாது. பிள்ளைங்க சந்தோஷமா ஓடுற இடம் பள்ளிக்கூடத்துக்குத்தான்னு அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுடறேன்.”

வெள்ளிக்கிழமை காலையில் ஒத்திகை. தணிகாசலம் விசில் ஊத, பிள்ளைகள் ஓட, செவ்வந்தி கடைசியாக வந்தாள். அவள் அழவில்லை, கொட்டாவிதான் விட்டாள். ஆனாலும் ஆசிரியர்கள் பதறிப்போய்க் கூடிப் பேசினார்கள்.

“கடைசிப் பிள்ளையை எடுத்துட்டா, அப்புறம் கடைசி ஏது?” என்றார் தணிகாசலம்.

செவ்வந்தியைக் கேட்டுக்கு வெளியே அனுப்பிவிட்டு மறுபடி ஓடவிட்டார்கள். இப்போது முகிலன் கடைசி. போன ஓட்டத்தில் நன்றாக இருந்த பையனுக்கு இது எப்படித் தொற்றியது என்று மார்க்கண்டன் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அவனும் வெளியே போனான்.

வெளியே, ஊராட்சி அலுவலக வாசலில் ஒரு நாவல் மரம். பழம் உதிர்கிற காலம். போனவர்களின் வாயெல்லாம் ஊதாவானதைப் பார்த்ததும் உள்ளே போட்டி சூடுபிடித்தது, யார் கடைசியாக வருவது என்று. விசில் சத்தம் கேட்டதும் பிள்ளைகள் ஆமை மாதிரி நகர்ந்தார்கள். ஒருவன் நடுவழியில் படுத்தே விட்டான்.

கடைசியில் பூங்குன்றன் மட்டும் மிச்சம். தனியாக ஓடி வந்து நின்றான்.

“முன்னாலயும் ஆள் இல்ல, பின்னாலயும் ஆள் இல்ல. இவனை என்னன்னு சொல்றது?” என்றார் மார்க்கண்டன்.

சூடாமணி டீச்சர் யோசித்தார். “பின்னால ஆள் இல்லன்னா கடைசிதானே, சார்.”

அவனையும் அனுப்பினார்கள். அன்று யாரும் ஓடாத வேகத்தில் அவன் வெளியே ஓடினான்.

அலுவலர் பைக்கில் வந்தார். மரத்தடியில் ஓடியாடியவர்களைத் தெருப்பிள்ளைகள் என்று நினைத்து நேரே உள்ளே போனார். மைதானம் வெறிச்சோடிக் கிடந்தது. பிள்ளைகள் எங்கே என்று கேட்டார். ஒரு பிள்ளைகூடக் கடைசியாக வரவில்லை என்று தணிகாசலம் பெருமையோடு சொல்லி, நிரூபிக்க விசில் ஊதினார். யாரும் ஓடவில்லை, யாரும் கடைசியாக வரவில்லை. மற்ற இருவரும் கைதட்டினார்கள்.

“நீங்களாவது ஓடித் தொலைங்க” என்று அலுவலர் கத்தினார். எப்படி ஓடுவது என்று காட்டத் தானும் கூடவே ஓடினார். பாவம், பாதியில் செருப்பு வார் அறுந்து, கடைசியாக வந்து சேர்ந்தார்.

மூவருக்கும் மனசே ஆறவில்லை. ஆனாலும் சட்டம் சட்டம்தான். மார்க்கண்டன் மரியாதையாக நாற்காலியை வெளியே கொண்டுபோய்ப் போட்டு அவரை உட்காரவைத்தார். பிறகு தங்களுக்குள் ஓடிப் பார்த்தார்கள். டீச்சர் வெளியேறினார், அடுத்து மார்க்கண்டன். தனியாக நின்ற தணிகாசலம் தன்னைத் தானே வெளியேற்றிவிட்டுக் கேட்டைப் பூட்டினார்.

வெளியே பிள்ளைகள் மரத்தைச் சுற்றிச் சுற்றி ஓடினார்கள். நம்ம பிள்ளைகள்தான் சார் என்று சூடாமணி டீச்சர் அலுவலருக்குக் காட்டினார். ஒருவர் முகத்திலும் அழுகை இல்லை. அலுவலர் சொன்ன சொல் தவறாதவர். பிள்ளைகள் சந்தோஷமாக ஓடும் இந்த இடம் பள்ளிக்கூடத்துக்கே என்று எழுதி, அங்கேயே கையெழுத்துப் போட்டார்.

தன் அலுவலக வாசலே போய்விட்டது என்று கேட்டதும் வேலாயுதசாமி வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். அவரைப் பார்த்ததும் பிள்ளைகள் பந்தயம் என்று முன்னால் பாய்ந்தார்கள். எல்லாருக்கும் பின்னால் வந்து நின்ற தலைவருக்கு அழுகையே வந்துவிட்டது.

கடைசியாக வந்ததும் இல்லாமல் அழவும் அழுகிறாரே என்று மூன்று பேரும் நடுங்கிப்போனார்கள். இப்போது மரத்தடிதான் பள்ளிக்கூடம், மைதானம்தான் வெளியே. கேட்டைத் திறந்து, அவரைக் கைத்தாங்கலாக மைதானத்துக்குள் விட்டு, மறுபடி பூட்டினார்கள்.

கம்பி வழியாகத் தணிகாசலம் அன்போடு சொன்னார்: “நிதானமா கட்டுங்க தலைவரே. சமுதாயக் கூடம் முடிஞ்சதும் ஒரு குரல் குடுங்க, திறந்துவிடறோம்.”