அறுபதாவது தூணுக்கு அப்பால்

ரொம்பக் காலத்துக்கு முன்னால், கடலோரப் புன்னைநாட்டை வேழமாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் மாதத்துக்கு ஒரு பைத்தியம் பிடிக்கும். ஒரு மாதம் கிளி வளர்ப்பான், மறுமாதம் ஊஞ்சல் கட்டுவான். இந்தக் கதை நடந்த மாதம் பட்டம் விட்டுக்கொண்டிருந்தான்.

அந்த ஊரில் பேச்சிமுத்து என்று ஒருவன். சொந்தத் துடைப்பம், சொந்தத் துணி. கூப்பிட்ட இடத்தில் கூட்டித் துடைத்துக் கூலி வாங்குகிறவன். மற்ற நாட்களில் கடைத்தெரு, வெள்ளிக்கிழமை அரண்மனைக் கொலுமண்டபம். மண்டபத்துக்குக் கூலி இரண்டு மரக்கால் நெல். பன்னிரண்டு வருஷமாக அதே இரண்டு.

முதலில் எல்லாம் உச்சிவேளைக்குள் மண்டபம் முடிந்துவிடும். இப்போது முடிப்பதற்குள் பொழுதே சாய்ந்துவிடுகிறது. பிற்பகலில் கூப்பிட்டுக்கொண்டிருந்த இரண்டு வீடுகள் கைவிட்டுப் போயின. மூன்று மரக்கால் கேட்டால்தான் கட்டுப்படியாகும். ஆனால் கேட்க வாய் வரவில்லை. 'அதிகமோ? எனக்குப் பேராசையோ? அரண்மனை முடியாது என்றால் கடைத்தெருவும் அதையே சொல்லுமே!' இப்படித் தனக்குத்தானே வழக்காடியே ஒரு வருஷம் போயிற்று. வீட்டில் தண்ணீர்ப்பானை முன் நின்று கேட்டுப் பழகினான்.

"ஏங்க, இப்படிக் கெஞ்சினா பானையே பாவம்னு குடுத்துடும். ராஜாகிட்ட போய்க் கேளுங்க" என்றாள் மனைவி அங்காயி.

அந்த வெள்ளிக்கிழமை, சபை கூடியிருந்தபோது, கேட்டேவிட்டான்.

கஜானா அதிகாரி மங்களநாதருக்கு அவன்மேல் ஏற்கனவே கடுப்பு. போன வாரம் பளபளக்கும் தூணில் தன் மீசை தெரிவதைப் பார்த்து ராஜா பேச்சிமுத்துவைப் புகழ்ந்துகொண்டே இருக்க, புதுப் பாட்டு எழுதிக்கொண்டு வந்த மங்களநாதர் அரை நாள் ஓலையும் கையுமாக நின்றிருந்தார்.

"மகாராஜா, அன்றைக்கும் அறுபது தூண், இன்றைக்கும் அறுபது தூண்" என்றார் அவர். "தூண் குட்டி போட்டதா? மண்டபம் வளர்ந்ததா? கூலி மட்டும் எதற்கு வளரவேண்டும்?"

சபை சிரித்தது. ராஜாவுக்குக் குஷி பிறந்துவிட்டது.

"பேச்சிமுத்து, மண்டபம் வளர்ந்திருப்பதை எனக்குக் காட்டு. காட்டினால் மூன்று. காட்டாவிட்டால் இனிமேல் ஒன்று. என்ன சொல்கிறாய்?"

கையில் இருந்த இரண்டையும் கெடுத்துக்கொண்டோமோ என்றிருந்தது பேச்சிமுத்துவுக்கு. தூண்களை ஒருமுறை பார்த்தான். ராஜா மடியில் கிடந்த பட்டத்தைப் பார்த்தான்.

"அந்த நூற்கண்டைக் கொடுங்க மகாராஜா. வழக்கமான வேலையைப் பார்த்துக்கிட்டே காட்டுறேன்."

அறுபது தூண்களையும் துடைத்தான். கடைசித் தூணில் நூலின் நுனியைக் கட்டினான்.

"பேசின வேலை இத்தோட முடிஞ்சுது, மகாராஜா."

"சரி, வந்ததே வந்தாய், அப்படியே இந்த ஊஞ்சல் சங்கிலியையும்..." என்ற ராஜா, பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"நீங்க சொன்ன அந்த 'அப்படியே'தான் மகாராஜா!" என்றான் பேச்சிமுத்து. "அது காதில் விழுகிற இடத்துக்கெல்லாம் இந்த நூல் போகும்."

நூல் ஊஞ்சலைச் சுற்றியது. அந்தப்புரத் தாதி எட்டிப் பார்த்து, "பேச்சிமுத்தண்ணே, அப்படியே கிளிக்கூண்டு!" என்றாள். நாற்பது கூண்டு. நூல் அங்கே போயிற்று. மேல்மாடியிலிருந்து காவலன், "அப்படியே இங்க கிடக்கிற பட்டக் கிழிசலையும் வாரிடு" என்றான். நூல் படியேறி இறங்கியது. சபையே சிரித்துக்கொண்டு பின்னால் வந்தது. பேச்சிமுத்துவுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. ஒவ்வொன்றும் சின்ன வேலை. சொன்னவர் யாரும் கெட்டவர் இல்லை. ஒவ்வொரு தடவையும் தலையாட்டியது தான்தானே என்று உறுத்தியது.

நூல் பக்கவாசலைத் தாண்டி, மதிலை ஒட்டியிருந்த ஒரு பெரிய வீட்டை நோக்கித் திரும்பியது. மங்களநாதருக்கு வேர்த்துக் கொட்டியது.

"போதும், போதும்! நூலை அப்படியே நிறுத்து!"

"ஐயா, அந்தச் சொல்லை நீங்களும் சொல்லிட்டீங்களே!" என்று பேச்சிமுத்து மேலே நடந்தான். வாசல், முற்றம், கொல்லைப்புறம், கடைசியாக மாட்டுத்தொழுவம். அங்கே முளைக்குச்சியில் நூலை முடிச்சுப் போட்டான். சாணத்தில் கால் வைக்காமல் ராஜா தத்தித் தத்தி வந்து நின்றான்.

"மகாராஜா, தங்கள் கொலுமண்டபம் இங்கேதான் முடியுது."

ஒரு மாடு ராஜாவைப் பார்த்து 'அம்மா' என்றது.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "மங்களநாதரே, என் மண்டபம் உம்ம தொழுவம்வரை வளர்ந்ததைச் சொல்லவே இல்லையே! கஜானா கூலியில் எத்தனை வருஷமாக உம் மாடு சுத்தமாயிருக்கிறது?"

"ஆ... ஆறு வருஷம்தான், மகாராஜா."

"பேச்சிமுத்து, மூன்று மரக்கால் உனக்கு. அறுபது தூணுக்கு அப்பால் எதுவானாலும் தனிக்கூலி, எனக்கும் சேர்த்துத்தான். மங்களநாதரே, தொழுவத்துக்கு என்ன கூலி என்று இவனையே கேளும்."

மங்களநாதர் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். பேச்சிமுத்து இந்தத் தடவை தயங்கவில்லை.

"ஒரு மரக்கால், ஐயா. மாடு உதைச்சா ஒன்றரை."

மங்களநாதர் விளக்குமாற்றைத் தானே கையில் எடுத்துக்கொண்டார்.

விடைபெறும்போது ராஜா அவன் காதருகே குனிந்தான். "ஒன்று சொல்லட்டுமா? நீ நான்கு கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்."

நெல்மூட்டையோடு வாசலில் வந்து நின்றவனை அங்காயி ஏற இறங்கப் பார்த்தாள்.

"மூணு கிடைச்சுதா?"

"கிடைச்சுது."

"அப்புறம் ஏங்க மூஞ்சி இப்படி?"

"நாலு கேட்டிருக்கலாமாம்."

"உங்க யோசனையெல்லாம் அப்புறம்" என்று அவள் மூட்டையைப் பிடுங்கினாள். "முதல்ல இதைக் குத்தணும், உலை கொதிக்குது."